புனிதரோடு நட்பு: காரியம் கேட்பதைத் தாண்டி ஏதாவது உண்டா?

செப்டம்பர் 19, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

எங்கள் பங்கில் தியானம் கொடுக்க வந்த சாமி, ஒரு புனிதரை நண்பராக வைத்துக்கொள்ளுங்கள், தினமும் அவரோடு பேசுங்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள் தொலைந்தால் அந்தோணியார், வேலைக்குச் சூசையப்பர், நடக்காத காரியத்துக்கு யூதா ததேயு, இப்படித்தானே நாம் புனிதர்களிடம் போகிறோம்? இதை நட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். இரண்டு பிள்ளைகள். நீண்ட செபத்துக்கெல்லாம் நேரம் கிடையாது. உண்மையிலேயே யாராவது ஒரு புனிதரோடு அப்படி வாழ்ந்திருந்தால் சொல்லுங்கள்.

செப்டம்பர் 19, இரவு

நான் சொல்கிறேன் தம்பி. பதினோரு வருடமாகக் குழந்தை தெரேசாவோடு இருக்கிறேன். லிசியே தெரேசா, சிறுமலர் என்று நாம் சொல்பவர். 1873இல் பிரான்சில் அலான்சோனில் பிறந்து, 15 வயதில் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1897இல் 24 வயதில் காசநோயால் இறந்தவர்.

கேட்பது தப்பில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் சீனி கேட்டுப் போய்த்தான் எத்தனையோ சிநேகிதம் தொடங்கியிருக்கிறது. சீனி வாங்கிய கையோடு திரும்பிவிட்டால் அது சிநேகிதம் ஆகாது, அவ்வளவுதான். நானும் கேட்டுக்கொண்டுதான் போனேன். எப்போது கேட்பது குறைந்து பேசுவது கூடியது என்று நாள் குறித்துச் சொல்ல முடியவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

செப்டம்பர் 21

பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். எனக்கு அந்த மாற்றம் ஒரு சொல்லில் நடந்தது. "நீர்" என்பது "நீ" ஆன நாள்.

நம் மன்றாட்டு மாலை முழுக்க "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் வரும். ஆண்டவருக்கு நீர், மாதாவுக்கு நீர், புனிதர்களுக்கும் நீர். சின்ன வயதில் எங்கள் அம்மா அவரைத் தெரேசம்மாள் என்பார். எனக்கு அவர் சுரூபக்கூட்டில் ரோசாப்பூ வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய அம்மா. பதினைந்து வயதில் அவர் எழுதியதைப் படித்தபோது வயதில் அக்கா மாதிரி ஆனார். இருபத்துநாலில் எனக்குக் கல்யாணம். அந்த வருடம் எங்கள் இருவருக்கும் ஒரே வயது. இப்போது எனக்கு நாற்பத்தாறு. அவருக்கு இன்னும் இருபத்துநாலுதான். என் மூத்த மகளை விட மூன்றே வயது பெரியவர்.

ஒரு நாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "தெரேசா, இன்னைக்கு என்னால முடியலம்மா, நீ கொஞ்சம் கூட இரு" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு பயந்துபோனேன், மரியாதைக்குறைவோ என்று. பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் கேட்டேன். மகளைக் கூப்பிடுகிற மாதிரி அன்பாகத்தானே கூப்பிட்டீர்கள், அப்படியே கூப்பிடுங்கள் என்றார். அதிலிருந்து வீட்டில் "நீ". கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து மன்றாட்டு சொல்லும்போது பழையபடி "நீர்". இரண்டும் எனக்கு வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 24

"ஏன் தெரேசா? நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உண்மையைச் சொன்னால் நெடுநாள் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. படங்களில் அந்த இனிப்பான முகம், எல்லாவற்றுக்கும் சிரிப்பு, பூ. எனக்கு எங்கள் உவரி அந்தோணியார் போதும் என்று இருந்தேன்.

எங்கள் மாமிக்கு (மாமியார்) மறதி நோய் தொடங்கிய வருடம் அது. ஒரு நாள் விடியற்காலைப் பூசைக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை. நாலு மணி நேரம் தேடினோம். கடைசியில் பஸ் ஸ்டாண்டில், மடியில் பையை வைத்துக்கொண்டு மணப்பாட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மணப்பாடு அவர் பிறந்த ஊர். "அப்பா தேடுவாவ பிள்ள, நான் போணும்" என்றார். அவர் அப்பா இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் ஒருத்தி என் காதுபடவே, மருமகள் வேலைக்குப் போனால் இப்படித்தான் என்றாள்.

அன்று இரவு, முன்பு படித்துவிட்டு மூடி வைத்த தெரேசா வரலாற்றைத் திறந்தேன். முதல் தடவை கண்ணில் படாமலே போன ஒரு பக்கம். அவர் மடத்தில் சேர்ந்தது 1888 ஏப்ரல் 9. அதே வருடம் ஜூன் மாதம் அவர் அப்பா லூயி மார்ட்டின் வீட்டைவிட்டுக் காணாமல் போகிறார். மூளை தளர்ந்துகொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து லெ ஆவ்ர் துறைமுகத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அக்கா செலின் தேடிப் போனார். தெரேசாவால் போக முடியாது, மடத்துக்குள் இருக்கிறார், பதினைந்து வயது. அடுத்த வருடம் பிப்ரவரியில் அப்பாவைக் கான் நகரில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். கடைக்குட்டி மகள் மடத்துக்குப் போனதால்தான் அந்த மனிதருக்குப் புத்தி பேதலித்தது என்று லிசியேயில் பேசினார்கள். அது இவர் காதுக்கும் வந்தது.

புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். "உனக்கும் இது தெரியுமா?" என்றுதான் கேட்டேன். அவரிடம் நான் காரியம் எதுவும் கேட்காமல் பேசிய முதல் பேச்சு அது.

செப்டம்பர் 25

திருத்தம். மூன்று நாள் என்று எழுதிவிட்டேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 1888 ஜூன் 23 காணாமல் போய், 27ஆம் தேதி கிடைத்தார். நாலு நாள். எங்களுக்கு நாலு மணி நேரத்திலேயே உயிர் போய்விட்டது.

செப்டம்பர் 28

"தினமும் என்னதான் செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு.

பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் டீ போடும்போது அன்றைக்கு எது எனக்குக் கஷ்டமாக இருக்கப் போகிறதோ அதைச் சொல்வேன். ராத்திரி படுக்கும் முன் அது எப்படிப் போனது என்று சொல்வேன். நடுவில் அவர் வாழ்ந்ததில் ஏதாவது ஒன்று தானாக ஞாபகத்துக்கு வரும். அவர் பதில் சொல்வது எனக்கு இப்படித்தான். காதில் குரல் எதுவும் கேட்டதில்லை.

உதாரணம் சொன்னால்தான் விளங்கும். மடத்தில் செய்ன் பியேர் என்று ஒரு வயதான சகோதரி, நடக்க முடியாதவர், எதிலும் குறை சொல்பவர். தினமும் மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரைச் சாப்பாட்டு அறைக்கு நடத்திக்கொண்டு போகும் வேலையைத் தெரேசா தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாகப் போனால் "விழப் போகிறேன்", மெதுவாகப் போனால் "உன் கை பிடித்திருக்கிற மாதிரியே இல்லை, சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்" என்று பேச்சு. உட்கார வைத்து, கைச்சட்டையை மடித்துவிட்டு, ரொட்டியை நறுக்கிக் கொடுத்து, கிளம்புமுன் நன்றாக ஒரு புன்னகை. ரொட்டி நறுக்கியதை விட அந்தப் புன்னகைதான் கிழவியின் மனதைப் பிடித்தது என்று தெரேசாவே எழுதியிருக்கிறார்.

எங்கள் மாமியைக் குளியலறைக்குக் கூட்டிப்போவதும் இதே கதைதான். "மெதுவா மாமி" என்றால், "நான் என்ன நொண்டியா" என்பார். கையை விட்டால், "பிடிக்க ஆளில்லையே" என்பார். இந்த நடையில் நாங்கள் மூன்று பேர் போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போன தூரம் அது. பதினெட்டு அடி.

செப்டம்பர் 28, பிறகு

விட்டுப்போனது. தம்பி ஷிப்ட் வேலை, செபத்தில் தூங்கிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தெரேசா வருடக்கணக்கில் தியான நேரத்தில் தூங்கியவர். அதற்காக வருத்தப்படவேண்டும்தான், ஆனால் பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்கு ஒரே அன்புதானே என்று எழுதி வைத்திருக்கிறார். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து செபமாலையோடு தூங்குங்கள்.

இன்னொன்று, தியான நேரத்தில் பின்னால் ஒரு சகோதரி ஓயாமல் ஏதோ சத்தம் எழுப்புவாராம், கிளிஞ்சலை ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி. திரும்பி ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று அவருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. திரும்பவில்லை. அந்தச் சத்தத்தையே உன்னிப்பாகக் கேட்டு, அதை இசையாக ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆசிரியர் அறையில் போனில் சத்தமாக வீடியோ பார்க்கும் ஒருவர் உண்டு. வாரத்தில் ஒரு நாள் இது எனக்குக் கைகூடுகிறது.

அக்டோபர் 1

இன்று அவர் திருநாள். பூசைக்குப் போய்விட்டு வந்தேன். 1969க்கு முன் அக்டோபர் 3ஆம் தேதிதான் திருநாள். மாமிக்கு இன்றைய தேதி மறந்துவிட்டது, ஆனால் "தெரேசம்மா திருநாள் மூணாந் தேதில்லா, இன்னைக்கு எதுக்குப் போற?" என்றார். சரிதான் மாமி என்றேன்.

"இனிப்பான முகம், எல்லாவற்றுக்கும் சிரிப்பு" என்று 24ஆம் தேதி எழுதியதை இன்று திருத்த வேண்டும். அந்த முகம் அவருடையதே இல்லை. செலின் 1894இல் மடத்தில் சேரும்போது கேமராவும் கொண்டுவந்தார். அதனால் தெரேசாவின் உண்மையான புகைப்படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் வெகுகாலம் உலகத்துக்குப் போனவை செலின் வரைந்தவையும், மெருகேற்றியவையும்தான். தெரேசா எழுதிய நோட்டுகளுக்கும் இதே கதி. அக்கா பொலின் ஆயிரக்கணக்கான இடத்தில் கைவைத்துத்தான் அச்சுக்குக் கொடுத்தார். தெரேசா எழுதியபடியே வெளிவந்தது 1956இல்தான்.

அக்காமார் அன்பினால்தான் செய்தார்கள். தங்கைக்குக் குறை தெரியக்கூடாது என்று எந்த அக்கா நினைக்க மாட்டாள்? எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. ஆனால் உண்மையான படத்தைப் பாருங்கள். திடமான தாடை, அகலமான முகம், நேராகப் பார்க்கும் கண். வேலை செய்யத் தெரிந்த பெண்ணின் முகம். கடைசி வருடத்துப் படங்களில் களைப்பு அப்படியே தெரிகிறது. என் அலமாரியில் இப்போது அதுதான் இருக்கிறது. வேறு எதையும் செய்யாவிட்டாலும், உங்கள் புனிதரின் உண்மையான முகத்தைத் தேடுங்கள். அவர் கையால் எழுதியது இருந்தால் அதைப் படியுங்கள்.

அக்டோபர் 3

"செத்தவர்களோடு பேசுவது வேதத்துக்கு விரோதம்" என்று எழுதியவருக்கு. எபிரேயர் 12:1 திரண்ட மேகம்போல் சாட்சிகள் நம்மைச் சூழ்ந்திருக்கிறார்கள் என்கிறது. ஆண்டவரில் இறந்தவர்களை நாங்கள் செத்தவர்கள் என்று எண்ணுவதில்லை. அவர்களைக் கூப்பிட்டு எதிர்காலம் கேட்பதுமில்லை. கூட வேண்டிக்கொள்ளச் சொல்கிறோம், உங்களிடம் நான் செபம் கேட்பதுபோல. இதற்கு மேல் வாதம் செய்ய எனக்கு விருப்பமில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒன்று எனக்குத் தைத்தது: நடுவில் இன்னொருவர் எதற்கு, இயேசு போதாதா? போதும். நானும் தெரேசாவோடு பேசிவிட்டு ஆண்டவரிடம் போகாமலே படுத்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் மனதில் ஏதோ குறையும். அதைத் தெரேசாதான் சொல்லித் தருகிறார் என்று நம்புகிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், 51ஆம் எண்ணில், புனிதர் வணக்கம் வெளிச்சடங்குகளின் எண்ணிக்கையில் இல்லை, அன்பின் ஆழத்தில் இருக்கிறது என்று வருகிறது. தம்பியின் முதல் கேள்விக்கும் அதுவே பதில் என்று இப்போது தோன்றுகிறது.

அக்டோபர் 7

செபமாலை மாதா திருநாள். தெரேசாவுக்குத் தனியாகச் செபமாலை சொல்வது பெரும்பாடு. தவக் கருவியை உடம்பில் கட்டிக்கொள்வதைவிடக் கடினம் என்று எழுதியிருக்கிறார். மனதை நிறுத்தவே முடியவில்லையாம். மாதாவை அவ்வளவு நேசித்தவர் இதை எழுதினார் என்பது எத்தனை பேருக்கு ஆறுதல்! எங்கள் அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிப்பது) இதைச் சொன்னேன். வயதான இரண்டு பேர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 14

ரோசாப்பூ பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், மறைத்தால் நியாயமில்லை.

அவர் வாழ்ந்த 24 வருடத்துக்காக 24 தடவை "பிதாவுக்கும் சுதனுக்கும்" சொல்லும் நவநாள் ஒன்று உண்டு. ஒன்பது நாளுக்குள் ரோசாப்பூ ஏதாவது ஒரு வழியில் கிடைத்தால், கேட்டது கிடைக்கும் என்று அடையாளமாம். ஐந்து வருடத்துக்கு முன் செய்தேன். மாமிக்கு என் கணவரை அடையாளம் தெரியவேண்டும், பெற்ற மகனைப் பார்த்து "நீங்க யாரு" என்று கேட்கக்கூடாது, இவ்வளவுதான் கேட்டேன். பூ வரவில்லை. மாமிக்கு அடையாளமும் தெரியவில்லை. இன்றுவரை இல்லை.

இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. படத்தைத் திருப்பி வைத்தேன். பிறகு ஒரு ராத்திரி நானே திருப்பினேன். சண்டை போடவாவது ஆள் வேண்டியிருந்தது.

சண்டை இன்னும் தீரவில்லை. அப்பா மருத்துவமனையில் இருந்த அந்த மூன்று வருடத்தைத் தன் வாழ்வில் அருமையான, பலன் தந்த காலம் என்று எழுதுகிறார், எந்தப் பரவசத்துக்கும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார். இந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. "நீ தூரத்தில் இருந்தாய், நான் அவர் பக்கத்தில் இருக்கிறேன், உனக்கென்ன" என்று நேராகவே கேட்டிருக்கிறேன்.

ஆனால் அவரைச் சும்மா இனிப்புப் பேசுபவர் என்று சொல்லவும் முடியாது. 1896 ஏப்ரல் 3, பெரிய வெள்ளி விடியுமுன், முதல் தடவை இரத்தம் கக்கினார். அந்த உயிர்த்த ஞாயிறு நாட்களிலேயே வானகம் என்று ஒன்று உண்டா என்ற இருட்டு அவருக்குள் இறங்கியது. சாகும்வரை போகவில்லை. பதினெட்டு மாதம். விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்திருந்தார். வானகத்திலிருந்து மண்ணுக்கு நன்மை செய்வேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததும் அந்த இருட்டுக்குள் இருந்துதான், 1897 ஜூலையில். பூ வராத எனக்கு அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

அக்டோபர் 20

தம்பி, யாரைத் தேர்ந்துகொள்வது என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். தெரேசா எப்படித் தேர்ந்தார் என்று பாருங்கள். அவருக்கும் ஒரு நண்பர் இருந்தார்: தியோஃபான் வெனார், வியட்நாமில் 1861 பிப்ரவரி 2ஆம் தேதி தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு மறைப்பணியாளர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்துப் பிரியமானார். ஞானப்பிரகாசியாரின் (புனித அலோசியஸ் கொன்சாகா) வாழ்க்கை அசாதாரணமானது, வெனாருடையதோ சாதாரணமானது, வீட்டாரிடம் பாசமானவர், எப்போதும் உற்சாகமானவர், அதனால் பிடிக்கும் என்று நோய்ப்படுக்கையில் சொன்னார். வெனாரின் படத்தைக் கட்டில் திரையில் குத்தி வைத்திருந்தார். அப்போது வெனாருக்குப் புனிதர் பட்டம் கிடையாது, அது 1988இல்தான் வந்தது. பட்டம் பார்த்து வந்த நட்பில்லை அது.

அவிலா தெரேசா (இவர் வேறு, கார்மேல் சபையின் பழைய தெரேசா) கைகால் முடங்கிக் கிடந்தபோது சூசையப்பரைப் பிடித்துக்கொண்டார். 1562இல் தொடங்கிய முதல் மடத்துக்கு அவர் பெயரையே வைத்தார். நீங்கள் சூசையப்பரிடம் வேலை கேட்டுப் போனவர். அவர் எழுதியது ஒன்றும் இல்லை, நற்செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் தூக்கத்தில் கனவு கண்டு, எழுந்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனவர். ராத்திரி ஷிப்ட்காரருக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

அல்லது நம் தேவசகாயம். 2022 மே 15இல் புனிதர் பட்டம். மனைவி உண்டு, அரண்மனையில் வேலை உண்டு. விசுவாசத்துக்காக அவர் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலை உங்களுக்கு எட்டாத தூரமில்லை. பிள்ளைகளையும் கூட்டிப் போய் ஒரு நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எதுவும் கேட்காதீர்கள்.

அக்டோபர் 21

"கேட்காதீர்கள்" என்று கட்டளை மாதிரி எழுதிவிட்டேன். கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். சாயங்காலம் எல்லோரும் போய்வந்தோம். மாமியை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். மாமா கல்லறையில் பூவை அவர் கையாலேயே போட வைத்தேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். "நல்ல மனுசன்" என்றார்.

தெரேசா தன் கடைசி ஒரு வருடத்தில் மொரிஸ் பெல்லியேர் என்ற இளைஞருக்குக் கடிதம் எழுதிவந்தார். குருத்துவத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், மறைப்பணிக்குப் போக ஆசைப்பட்டவர், தன்மேல் நம்பிக்கை இல்லாதவர். தனக்காகச் செபிக்க ஒரு சகோதரி வேண்டும் என்று அவர் மடத்துக்கு எழுத, தெரேசாவிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனார், நோயோடு திரும்பினார். 1907இல், 33 வயதில், கான் நகரில் இறந்தார். லூயி மார்ட்டினை வைத்திருந்த அதே மருத்துவமனை.

இன்று எங்கள் ஆட்களுக்கெல்லாம் ஏற்றிய பிறகு பெட்டியில் ஒரு மெழுகுதிரி மீதி இருந்தது. யாருக்கு என்று மகள் கேட்டாள். மொரிசுக்கு என்றேன். "அது யாரும்மா?" "தெரேசாவுக்கு வேண்டியவர்." காற்று பலமாக இருந்தது. மாமியின் நாற்காலிக்குப் பின்னால் மறைவாக வைத்து ஏற்றினோம். நாங்கள் கிளம்பும்வரை எரிந்தது.